கலங்கல் தண்ணீரில் பிடித்த கை

கடற்கரைக் காவலர் அறை பூட்டிக் கிடந்தது. 'குளிக்கத் தடை' என்ற பலகை மட்டும் காற்றில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணி வெயிலிலும் அந்தக் கரையில் ஈ காக்கை இல்லை.

திங்கட்கிழமை கரையைத் திறக்கலாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். மீன்வளத் துறையில் சுறாக்களைக் கணக்கெடுப்பது அவள் வேலை. ஸ்கூபா கட்டிக்கொண்டு இறங்கி, கரையோரம் எத்தனை வருகின்றன என்று எண்ண வேண்டும். நூறு தடவை செய்த வேலைதான். ஆனாலும் விடிந்ததிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. பையை மூன்று தடவை கட்டிப் பிரித்தாள்.

"நீ இறங்கினா சுறாதான் பயந்து கரையேறும்," என்றான் படகு ஓட்ட வந்த அவள் அண்ணன்.

அவள் சிரிக்கவில்லை.

கூட இறங்குகிறவன் அலுவலகத் தோழன். எல்லாருக்கும் அவன் நெட்டை. "தண்ணி கலங்கலா இருக்கு. ஒண்ணும் தெரியலைன்னா கையைப் பிடிச்சுக்கலாம்," என்றான்.

அலை தடுக்கக் கொட்டிய பாறைகளின் பக்கமாக இறங்கினார்கள். கீழே போகப் போக வெளிச்சம் பழுத்து, மங்கி, சேற்று நிறமானது. நீட்டிய கைகூட நிழலாகத்தான் தெரிந்தது. தன் மூச்சு மட்டும் காதுக்குள் சரக் சரக்கென்று கேட்டது.

முதல் சுறா உரசுகிற தூரத்தில் போனது. பிறகு இரண்டு. பிறகு ஆள் நீளத்துக்கு ஒன்று. ஒன்பது வரை எண்ணியிருப்பாள். சட்டென்று எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பின. வாலடித்துப் பறந்தன.

எதையோ கண்டு ஓடுவது போல.

அப்போது இடது மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. நெட்டைதான். அப்பாடா என்றிருந்தது. பிடித்த கை அவளை மெல்ல இழுத்துக்கொண்டு போனது. பாறைகளுக்கு நடுவே கருப்பாக ஒரு பொந்து. அதன் வாயருகே வந்ததும் அவள் காற்றுமானியைப் பார்த்தாள். முள் சிவப்பைத் தொட்டிருந்தது. மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்தினாள்.

பிடி இறுகியது.

டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினாள். அவள் விட்ட மூச்சு குமிழ் குமிழாக மேலே போனது.

பக்கத்திலிருந்து ஒரு குமிழ்கூட வரவில்லை.

வெளிச்சத்தில் தெரிந்தது கையுறை இல்லாத கை. வெளுத்து ஊறிய விரல்கள். முழங்கைக்கு மேல் பொந்தின் இருட்டு.

காலைப் பாறையில் ஊன்றி உதைத்தாள். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய எடைப் பட்டையை அவிழ்த்துவிட்டாள். தோள்மூட்டு பிடுங்கிக்கொள்ளும் போல வலித்தது. எப்படி விடுபட்டாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

படகில் அண்ணன் அவளை அள்ளிப் போட்டான். எதிரே மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு நெட்டை உட்கார்ந்திருந்தான்.

"நீ... எப்ப மேல வந்தே?"

"இறங்கினதுமே காது அடைச்சு, மூக்குல ரத்தம் வந்திருச்சு. உன் தோளைத் தட்டிச் சைகை காட்டினேனே, நீயும் தலையாட்டினே. இருபது நிமிஷமா இங்கதான் இருக்கேன்."

தோளை யாரும் தட்டியதாகவே அவளுக்கு நினைவில்லை. அண்ணன் படகைத் திருப்பினான்.

"கரையைத் திறக்க வேணாம்னு எழுதிடு," என்றான், கொஞ்ச தூரம் வந்த பிறகு. குரல் அவனுடையது போலவே இல்லை.

வேகமாக மேலே வந்ததால் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். வெள்ளை விளக்கு, மருந்து வாடை, ஆள் நடமாட்டம்.

நர்ஸ் அவள் இடது மணிக்கட்டில் விரல் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். வலது கையைப் பிடித்தார். திரும்பவும் இடது கைக்கே வந்தார்.

"என்ன சிஸ்டர்?"

"இந்தக் கையில ரெண்டு நாடி ஓடுதும்மா. ஒண்ணு உங்களோடது." நர்ஸின் குரல் தாழ்ந்தது. "இன்னொண்ணு ரொம்ப மெதுவா இருந்துச்சு..."

விரலை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"நான் தொட்டதும் வேகமாகுது."