திறந்திருந்த கேட்

படத்தில் ரயில்வே கேட் திறந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் ஷீபாவுக்கு வயிறு எரிந்தது. மற்றபடி நல்ல படம்தான். அறுவடை முடிந்த வயல்கள், அவற்றின் மேல் இறங்கும் தை மாதத்துப் பனி, நடுவே நீலமும் வெள்ளையுமாக அந்தப் புது ஹைபிரிட் இன்ஜின். டீசலிலும் ஓடுமாம், பேட்டரியிலும் ஓடுமாம். ரயில் பைத்தியங்கள் அத்தனை பேரும் எங்கே பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று தவம் கிடந்த இன்ஜின். போனில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். இன்ஜினுக்குப் பக்கத்தில் கேட்டின் தடி வானத்தைப் பார்த்து நின்றதையும், அதன் அடியில் கேட் கீப்பர் ஷீபா பச்சைக் கொடியோடு நின்றதையும் டிவிஷன் ஆபீசில் இருக்கிறவர்கள் மட்டும்தான் பார்த்தார்கள்.

கேட்டைத் திறந்து போட்டுவிட்டு ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டினால் வேலை போகும். புருஷன் குழந்தைராஜ் தண்டவாள வேலையில் இருந்தபோதே செத்துப்போனதால், கருணை அடிப்படையில் அவளுக்குக் கிடைத்த வேலை அது. அவளும் இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் ஃபெபியும் சாப்பிடுவது அதில்தான். இத்தனைக்கும் நேற்று அந்தி நேரத்தில் அவள் கேட்டை எந்த ரயிலும் தாண்டவில்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் பஞ்சநதமும் போனில் அதையேதான் சொன்னார். "ரெக்கார்டுல ஒண்ணும் இல்லம்மா. அந்த இன்ஜின் இன்னும் நம்ம பக்கமே வரல. ஆனா படத்துல இருக்கே. நாளைக்கு டிவிஷன் ஆபீசுக்கு வந்து எழுதிக் குடுத்துடு."

"வராத வண்டிக்கு நான் என்ன சார் எழுதிக் குடுக்கறது?"

"கோவப்படாதம்மா."

கோபப்படாமல் வேறென்ன செய்வதாம்? போனை வைத்த வேகத்தில் கேட் ரூமின் இரும்புக் கதவை அறைந்து சாத்தினாள். இடது கை விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. நகம் கறுத்து ரத்தம் கசிந்தது. பழைய வெள்ளைத் துணியைக் கிழித்துக் கை முழுக்கச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அதற்கும் சேர்த்து அந்தப் படத்தை எடுத்தவனைத் திட்டித் தீர்த்தாள்.

அவன் சாயங்காலம் வந்தான். கொஞ்சம்கூட வெட்கமில்லாமல், நேற்று வந்து நின்ற அதே பைக்கில், அதே பெரிய லென்சோடு. பெயர் ராஜராஜன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன். முக்காலியை விரித்துக் கேமராவை அதன் மேல் மாட்டி, வெண்ணாற்றுப் பாலம் தாண்டித் தண்டவாளம் வளைகிற இடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தான். ஷீபா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய் எதிரே நின்றாள்.

"ஏன்யா, நான் உனக்கு என்ன பாவம் பண்ணேன்? கம்ப்யூட்டர்ல வச்சு ஒட்டி விளையாடறதுக்கு என் பொழப்புதான் கெடச்சுதா?"

"அக்கா, ஒட்டு வேலையெல்லாம் இல்ல. சத்தியமா வந்துச்சு. பேட்டரில ஓடிச்சு, சத்தமே இல்ல. நீங்கதானே கொடி காட்டினீங்க?"

"நானா?"

"நீங்கதான்."

"அந்தப் படத்தை இப்பவே எடுத்துடு."

"எடுக்க முடியாதுக்கா. இந்தியாவுலயே மொத படம் என்னோடதுதான்." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் அவளுக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. "போன்ல போட்டது வெட்டின படம். முழுசா பாக்கறீங்களா? பாத்தா நம்புவீங்க."

கேமராவின் முதுகில் இருந்த சின்னத் திரையை அவள் பக்கம் திருப்பினான். அவள் பார்த்தாள். கேட் ரூம், கேட், கொடி, எல்லாம் அவளுடையவைதான். இன்ஜினின் கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டும் இருந்தது. அவன் படத்தைப் பெரிதாக்கிக் கொடியைக் காட்டினான். "பாருங்க, உங்க கைதானே?"

அவள் கைதான். இடது கை. அதில் வெள்ளைத் துணிக் கட்டு.

இன்று மத்தியானம் கட்டிய கட்டு.

வைக்கோல் மக்கும் வாசனையும், பக்கத்து வயலில் நெல் அறுத்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் டீசல் புகையும், வாய்க்கால் ஓரத்துத் தவளைகளின் ஓயாத சத்தமும் இதுவரை அவளைச் சுற்றி இருந்துகொண்டுதான் இருந்தன, தினமும் இருப்பவை என்பதால் அவள் கவனித்ததில்லை. இப்போது அவை இல்லாமல் போனதும்தான் கவனித்தாள். அறுவடை இயந்திரம் வயலின் நடுவே ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதன் பல்சக்கரம் சுற்றுவது தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. காற்றில் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் மறந்து வைத்தது போல ஒரு சூட்டு வாசனை. தண்டவாளப் பக்கமிருந்துதான் வந்தது.

"இது எப்ப எடுத்தது?" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நேத்து. அதான் சொன்னேனே."

அவன் படத்தை ஓரமாக நகர்த்தினான். வெட்டி எறிந்த ஓரம். ரோட்டின் மேல், திறந்த கேட்டுக்கு உள்ளே, தண்டவாளத்தில் முன் சக்கரம் ஏறிய நிலையில் ஒரு மஞ்சள் வேனின் மூக்கு. பள்ளிக்கூட வேன். ஃபெபி தினமும் வீடு திரும்பும் வேன்.

ஷீபா நிமிர்ந்தாள். ரோட்டின் கோடியில், பனிக்குள், வேனின் இரண்டு விளக்குகள் வந்துகொண்டிருந்தன.

ஓடினாள். கேட்டை இறக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினாள். விரலில் வலி மின்னலாக ஏறியது. சுற்றினாள். தடி இறங்கியது. வேன் வந்து சேர்வதற்குள் இரண்டு பக்கமும் இறங்கிப் பூட்டிக்கொண்டது. மூடிவிட்டாள். படம் பொய். இனி அந்த வேன் தண்டவாளத்தில் ஏற முடியாது.

போனை எடுத்தாள். "சார், கேட்டை மூடிட்டேன்."

"எந்த வண்டிக்கும்மா?"

"தெரியல சார்."

"தெரியலன்னா? ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்ல. லைன் காலி. நான் சொல்லாம ஏன் மூடினே?"

"சார், ஒரு வண்டி வருது."

"எங்கேருந்து வருது?" பஞ்சநதத்துக்கும் கோபம் வந்துவிட்டது. "ஏற்கெனவே ஒரு கம்ப்ளெயின்ட் இருக்கு. மரியாதையா தொற."

அவள் போனை வைத்தாள். திறக்கவில்லை. வேனுக்குப் பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு கார், நாலைந்து பைக்குகள். ஹாரன் சத்தம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. பைக்காரர்கள் வழக்கம்போல் வண்டியைச் சாய்த்துத் தடிக்கு அடியில் நுழைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்த ஊரில் மூடிய கேட்டுக்கு யார் நின்றார்கள்? தினமும் தொண்டை கிழியக் கத்துவாள். ஒருத்தனும் கேட்டதில்லை.

"வண்டியே இல்ல, எதுக்கு மூடி வச்சிருக்கே?" என்று ஒருவன் அவளைக் கடந்துபோகும்போது சொல்லிவிட்டுப் போனான். "சம்பளம் மட்டும் சொளையா வாங்கறீங்க."

வேன் டிரைவர் ஐயாவு கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினார். "ஏங்க, இன்னும் எவ்ளோ நேரங்க? மத்த புள்ளைங்களயும் கொண்டு போய் விடணுங்க."

"வண்டிய அங்கேயே நிறுத்துங்க! எடுக்காதீங்க!"

அவர் என்னவோ பதில் சொன்னார். அவள் காதில் விழவில்லை. ஏனென்றால் பின்னால் கேமரா சத்தம் ஆரம்பித்திருந்தது. க்ளிக். க்ளிக். க்ளிக். எல்லாச் சத்தமும் அடங்கிக் கிடந்த இடத்தில் அது மட்டும் தெளிவாக, விடாமல்.

ராஜராஜன் கண்ணைக் கேமராவில் ஒட்டிவைத்து நின்றான். கழுத்தில் கேமரா வார். வாய் கோணிச் சிரித்தது. "வந்துருச்சுக்கா," என்றான். "ப்பா, என்னா அழகு."

அவள் வளைவைப் பார்த்தாள். வெறும் தண்டவாளம். பனி. பாலம்.

"எதைடா எடுக்கறே? அங்க ஒண்ணும் இல்ல!"

"தள்ளுங்கக்கா. மறைக்கிறீங்க."

க்ளிக். க்ளிக்.

அவ்வளவுதான். நேற்றிலிருந்து அடக்கி வைத்தது மொத்தமும் பொங்கியது. முக்காலியை எட்டி உதைத்தாள். கேமரா வாரைப் பற்றி இழுத்தாள். "என் குடியைக் கெடுக்கத்தானே வந்தே? இதை வாய்க்கால்ல வீசறேன் பார்!" அவன் விடவில்லை. இழுத்தான். அவளும் இழுத்தாள். வார் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகியது. வாரை முறுக்கிய வாக்கில் கேமராவின் திரை அவள் முகத்துக்கு நேரே வந்தது.

இப்போது எடுத்த படம்.

கேட் மூடியிருந்தது. இரண்டு பக்கமும். வேன் வெளியே, பத்திரமாக. நீலமும் வெள்ளையுமாக இன்ஜின் படத்தின் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் முன்னால், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, சின்னதாக ஒரு பச்சைக் கட்டம் போட்ட பாவாடை. முதுகில் பை.

"பாப்பாவை அனுப்பிட்டேங்க!" ஐயாவுவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "அம்மாகிட்டதானே போவுதுன்னு... குனிஞ்சு வந்துடுச்சுங்க!"

ஷீபா திரும்பினாள்.

ஃபெபி தண்டவாளங்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. வளைவுப் பக்கம் திரும்பி, கண் கூசி, ஒரு கையை நெற்றிக்கு மேல் வைத்திருந்தாள்.

"ஃபெபி! வா! இந்தப் பக்கம் வா!"

ஷீபாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. ஓடப் பார்த்தாள். மணிக்கட்டில் வார். வாரின் மறுமுனையில் அவன், கேமராவை விடாமல்.

வளைவில் ஒன்றும் இல்லை. பாலம் வரை ஒன்றும் இல்லை.

ஃபெபியின் முகத்தில் மட்டும் வெள்ளை வெளிச்சம். பாவாடையில், பையின் பட்டையில், நெற்றிக்கு மேல் வைத்த சின்ன விரல்களில் வெளிச்சம். அவளுக்குப் பின்னால், ஜல்லிக்கற்களின் மேல், அவள் நிழல் நீளமாக விழுந்திருந்தது.

அந்த நிழல் அவள் காலடியை நோக்கிக் குட்டையாகிக்கொண்டே வந்தது.