பிரிக்காத வண்டி

மேற்கே உதித்த சின்ன நிலா கிழக்கே இறங்கிய பிறகுதான் செவ்வந்திபுரத்தில் வெளிவாசலைத் திறப்பார்கள். செவ்வாய்க் கோளில் குடியேறிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். ஊரையே மூடியிருந்த கண்ணாடிக் கூரை வழியாகப் பார்த்தால் அந்த நிலா, ஈரக்கை பட்டுக் கலைந்த மைப்புள்ளி போலத் தெரியும். கூரைக்குள் காற்று கனம், அதனால்தான் வானம் கலங்கியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் பாடமே வைத்திருந்தார்கள்.

அன்று வாசல் திறந்ததும் முதல் ஆளாக வெளியே போனவள் பூரணம். போன வேகத்தில் திரும்பி வந்தவளும் அவள்தான்.

பக்கத்துக் குடியிருப்பான நீலக்குழியில் அவள் மகள் மதிவதனி நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்கிற வழக்கம் மட்டும் பூமியிலிருந்து எடைக்கூலி கட்டாமல் வந்து சேர்ந்திருந்தது. மாலையில் மணற்புயல் வருகிறது. வந்தால் மாதக்கணக்கில் வாசல் திறக்காது. ஊரில் இருந்த மற்ற வண்டிகள் எல்லாம் புயலுக்கு முன்னால் பனிக்கட்டி ஏற்றிவரப் போய்விட்டன. மிச்சம், அவள் கணவன் சங்கிலிமுத்து வாங்கிவிட்டுப் போன வண்டிதான். மூச்சுக்காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு ஓடுகிற காற்றடைப்பு வண்டி. வாங்கிய சில வாரங்களில் அவர் இறந்துபோனார். அதன்பிறகு அவள் அதைக் கூரைக்குள்ளேயே, கடைக்கும் வீட்டுக்குமாக, ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். இருக்கைகளின் மேல் இருந்த கண்ணாடித்தாளைக்கூடப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திய பழுதுக்கொட்டகையில் வேலை பார்த்த இயந்திரத்துக்குப் பழுதுநோக்கி என்று பெயர். ஊரோடு இருந்து ஊர்ப்பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தது.

“என்னக்கா, போன சூட்டோட வந்துட்டிய?”

“வண்டி ஆடுது நோக்கி. வாசலைத் தாண்டி வேகம் எடுத்ததும் பல்லெல்லாம் தந்தியடிக்குது. பிள்ளைத்தாச்சியை இதுல ஏத்துனா வழியிலயே பெத்துருவா.”

“எங்க ஆடுது, அதைச் சொல்லுங்க. ஸ்டியரிங் நடுங்குனா முன்சக்கரம். உக்காந்த இடம் நடுங்குனா பின்சக்கரம். பிரேக்கை மிதிச்சா மட்டும் நடுங்குனா பிரேக் தட்டு வளைஞ்சிருக்கும். நின்ன இடத்துலயே நடுங்குனா மோட்டாரைத் தாங்குத ரப்பர் போயிருக்கும்.”

“எல்லாம் நடுங்குது. நான் நடுங்குதேன். முன்னால தொங்குத எலுமிச்சம்பழம்கூட நடுங்குது.”

நோக்கி வேலையைத் தொடங்கியது. கம்பிவலைச் சக்கரங்களுக்குள் ஒரு பக்கமாக அப்பியிருந்த செம்மண்ணைத் தட்டி எடுத்தது. எடை ஒரு பக்கம் கூடினாலும் சக்கரம் குதிக்கும் என்றது. சமன் பார்த்தது. திருகுமரைகளை இறுக்கியது. பூரணம் மறுபடி வெளியே ஓட்டிப்போனாள். மறுபடி நடுங்கிக்கொண்டே வந்தாள். நோக்கி பிரேக் தட்டுகளைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தது. குறையில்லை. மோட்டார் ரப்பரும் நன்றாக இருந்தது.

அதற்குள் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “எம்மா, எங்க வந்துக்கிட்டு இருக்க?”

“பாதி வழி வந்துட்டேன்டி,” என்றாள் பூரணம், கொட்டகை முக்காலியில் உட்கார்ந்தபடி.

“அங்க என்ன சுத்தியல் சத்தம்?”

“அது... காத்து.”

நோக்கி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டு வெளியே வந்தது. “அடியில ஒண்ணும் இல்லக்கா. எப்பவும்போல மங்கலாத்தான் இருக்கு.”

“மங்கலாவா? அவ்வளவு வெளிச்சம் அடிக்குதே?”

அது தன் முகத்தை அவள் பக்கம் கொண்டுவந்தது. அந்தக் கண் வில்லைகளின் மேல் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தது. ஓரம் சுருண்டு, தூசி ஏறிப் பழுத்துப்போயிருந்தது.

“ஏ நோக்கி! இது என்ன, கண்ணுல?”

“பெட்டியிலேருந்து எடுத்தப்பவே இருந்துச்சு. பிரிச்சா கீறல் விழும், புதுசாவே இருக்கட்டும்னு ஊர்மன்றத்துல சொல்லிட்டாங்க.”

பூரணத்துக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. அவள் வீட்டுப் பேச்சே அதுதானே. ஆனாலும் கூரைக்கு அப்பால் புயல் நெருங்கி வானம் சிவந்துகொண்டு வந்தது. நகத்தை ஓரத்தில் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பிறகு இன்னொரு கண்.

நோக்கி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: “யக்கா, உங்க சேலை பச்சையா? இத்தனை வருசமா சாம்பல்னு நெனைச்சேன்.”

“கண்ணு தெரியாமலா இத்தனை வண்டியைப் பாத்த?”

“கேட்டும் தொட்டும்தான் பாத்தேன். ஒருத்தரும் குறை சொல்லலையே!”

அது மறுபடி அடியில் நுழைந்தது. அங்கிருந்து புறப்பட்ட சத்தம் பழுதுச் சத்தம் என்று பூரணம் பயந்தாள், அது சிரிப்பு. நான்கு மஞ்சள் கட்டைகளோடு வெளியே வந்தது. ராக்கெட்டில் வரும்போது வண்டி குதிக்காமல் இருக்க ஸ்பிரிங்குகளுக்கு நடுவே செருகுகிற கட்டைகள். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘ஓட்டுவதற்கு முன் அகற்றவும்.’

பூரணத்துக்கு அந்த நாள் அப்படியே கண்முன் வந்தது. வண்டி கொண்டுவந்தவர்கள் கருவியோடு குனிந்தபோது சங்கிலிமுத்து இரண்டு கையையும் விரித்து மறித்தார். “எதையும் பிரிக்காதிய, எதையும் கழட்டாதிய. புதுசு புதுசாவே இருக்கட்டும்.”

“அட மனுசா,” என்றாள் பூரணம். சிரிப்பு வந்தது. அவர் போனபிறகு அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு வந்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நோக்கியும் கூடச் சேர்ந்துகொண்டது.

இருக்கைத்தாள்களையும் அவளே கிழித்தாள். வாசலைத் தாண்டி வேகம் எடுத்தபோது வண்டி தண்ணீரில் தோணி போல மிதந்தது, எலுமிச்சம்பழம் அசையவில்லை. வரும்வழியில் மதிவதனி மெத்தென்ற இருக்கையில் சாய்ந்து குறட்டை விட்டாள். வாசல் கதவு மூடியபிறகுதான் புயல் வந்து முட்டியது. புயலுக்குள்ளேயே பேத்தி பிறந்தாள்.

புயல் ஓய்ந்த அன்று நோக்கி குழந்தை பார்க்க வந்தது. இப்போது எதைக் கண்டாலும் உற்றுப் பார்ப்பதே அதற்கு வேலை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது.

“யக்கா, கூரையில உள்பக்கம் ஓரத்துல, ஒரு முனை சுருண்டு நிக்குதே. அது என்ன?”

ஊரே திரண்டு ஏணி போட்டது. கூரை அளவுக்குப் பெரிய தாள், சர்ரென்ற சத்தத்தோடு உரிந்து இறங்கியது. அதற்குப் பின்னால் செவ்வாயின் சூரியன், அவர்களில் ஒருவரும் ஊருக்குள்ளிருந்து பார்த்திராத நீலநிற ஒளியோடு மறைந்துகொண்டிருந்தது. பூரணம் குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினாள். காற்று கனம் என்று பாடம் நடத்திய வாத்தியார் மட்டும் தலை குனிந்துகொண்டார்.

பிறகு ஊர்மன்றத் தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது.

“தாளைக் கிழிச்சிராதிய! மடிச்சுப் பத்திரமா வைங்க. என்னத்துக்காவது ஆகும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. குழந்தையை மகள் கையில் கொடுத்துவிட்டு, தாளை மடிக்க முதல் முனையைப் போய்ப் பிடித்தவள் பூரணம்தான்.