பெரட்டில் எட்டாவது பெயர்

பூரணி திரையில் ஏற்றியது ஏழு பெயர்கள். மதியம் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் எட்டு வரிகள் இருந்தன. எட்டாவதில் பெயர் இல்லை. "வரவில்லை" என்று மட்டும் இருந்தது.

தலவாக்கலைக்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு லயத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, கொழும்பில் கிருஷாந்தன் உருவாக்கும் மென்பொருள்களுக்கு அவள் கையேடு எழுதிக்கொடுத்தாள். இரண்டாயிரத்து ஏழில் அதையெல்லாம் வேலை என்று லயத்தில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். பெயர் கூப்பிட்டுக் கொழுந்து பறிக்க அனுப்புகிற காலைப் பெரட்டில் தன் பெயர் ஒருநாளும் விழக்கூடாது என்பது அவள் வைராக்கியம். அதற்கு இந்த வேலை ஒன்றுதான் வழி.

இந்தமுறை வந்ததோ பெரட்டு எடுக்கிற மென்பொருள். தானே செய்துபார்க்காத எதையும் பூரணி கையேட்டில் எழுதமாட்டாள். செய்துபார்க்கப் பெயர்கள் வேண்டுமே! உயிரோடு இருப்பவர்களைப் போட்டால் சண்டைக்கு வருவார்கள் என்று, மேல் லயத்தில் மண்சரிந்து செத்த ஏழுபேரைப் போட்டாள். ஏழுபேருக்கும் "வந்தார்" என்று பதிந்தும் விட்டாள்.

கிருஷாந்தனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எட்டாவது வரிய நீங்க போட்டீங்களா?"

"நான் ஒண்டும் தொடேல்லை, பூரணி. அழிச்சுப்போட்டு அனுப்புங்கோ."

அழித்தாள். திரும்பி வந்தது. இப்போது அதில் பெயரும் இருந்தது: பூரணி.

வெளியே மூன்று மணிக்கே பனி இறங்கி ஜன்னலை மூடியிருக்க, நனைந்த சாக்கும் அறுந்த வேரும் ஈரமண்ணும் கலந்த வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது; முற்றத்தில் வெறுங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் பதிந்து, வரிசையாக நின்றன. யாரோ ஓர் ஆண் பெயர் கூப்பிட ஆரம்பித்தான். திரையில் இருந்த அதே வரிசை.

ஏழு பதில்கள் வந்தன. எல்லாத் தொண்டையிலும் மண்.

"பூரணி!"

அவளுக்குப் பயம்தான். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது. கையேட்டைத் திறந்து எழுதினாள்: "கூப்பிட்டால் போகவேண்டியதில்லை."

"பூரணி!"

"வரமாட்டேன்! செத்தவங்களுக்கும் பெரட்டா? போங்கடா!"

வெளியே சத்தம் அடங்கியது. ஒரு நிமிடம். இரண்டு. ஜெயித்துவிட்டேன் என்று மூச்சு விட்டாள்.

"பூரணி!"

அடுப்படியில் பூரணியின் தாய் அம்மாக்கண்ணு சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் பெரட்டில் நின்றவள். ஒருத்தி வரப் பிந்தினால் வரிசையில் நிற்கும் சொந்தக்காரி அவளுக்காகக் குரல் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். தலைநிமிராமல், பழக்கதோஷத்தில் அவள் குரல் கொடுத்தாள்:

"இந்தா, வந்துட்டாங்கய்யா!"

திரையில் எட்டாவது வரி மாறியது. வந்தார்.

பூரணியின் உச்சந்தலையில் கயிறு விழுந்தது. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிச் சுமக்கிற கயிறு. கையால் தடவினாள், ஒன்றும் இல்லை. இறுகியது. இழுத்தது.

மேசைக்காலில் தன் கால்களைப் பின்னிக்கொண்டாள்.

"வரமாட்டேன்."

கதவு தானாகத் திறந்தது. பனிக்குள் ஏழு முதுகுகள். ஏழு கூடை நிறைய மண். கடைசியில் ஓர் ஆள் நிற்க இடம்.

"வரமாட்டேன்!"

சிமெந்துத் தரையைக் கீறிக்கொண்டு, அவளோடு சேர்ந்து மேசையும் வாசலைத் தாண்டியது.