பட்டி சேர்த்துக்கொண்ட குட்டி

பக்கத்து வீட்டில் எழவு விழுந்தாலும் இந்தக் காலத்து ஆட்கள் எட்டிப் பார்ப்பதில்லை, ஆட்டுப் புழுக்கை பொறுக்க மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு காரில் வந்துவிடுகிறார்கள் என்று ஆடு வளர்க்கும் ஆஞ்சப்பன் முனகினார். புழுக்கையை ஆராய ஜவளகிரிக்கு வந்துபோகும் அருணாவின் காதில் விழட்டும் என்றேதான் முனகினார்.

"ஒண்ணையொண்ணு நக்கி, ஒரசிப் படுக்கிற ஆடுங்களுக்கு வயித்துக் கிருமியும் ஒண்ணாயிடும் தாத்தா. அந்தக் காட்டுக் குட்டி வயித்துல இருக்கறது என்னன்னே தெரியல. இப்ப எல்லா ஆட்டுக்கும் வந்திருச்சு. அதைப் பிரிச்சுக் கட்டுங்க."

"ஆட்டு வயித்துல தழை இருக்கும். பின்னே ஓசூர் கம்பெனியா இருக்கும்? போம்மா."

குட்டியைக் காட்டோரத்தில் கண்டெடுத்தவர் அவர்தான். முகர்ந்த ஆடெல்லாம் மிரண்டு ஒதுங்கின. குட்டியைப் பறிகொடுத்த ஆடு ஒன்றின் பாலைக் கறந்து, காட்டுக் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவினார். தன் வாசனையென்று ஏமாந்து அந்த ஆடு சேர்த்துக்கொண்டது. பிறகு பட்டியே சேர்த்துக்கொண்டது. மனைவி கெம்பம்மா குட்டி நக்கிய கையைக் கழுவாமல் சோறு தின்றாள். இப்போது சோறே தின்பதில்லை.

பொழுது சாய்ந்தது. கம்பெனி வண்டி ஆட்களை இறக்கிவிட்டுப் போன இரைச்சல் அடங்கியதும், பட்டியிலிருந்து ஈர இரும்பும் புளித்த தேனும் கலந்தாற்போல ஒரு வாடை மெல்ல எழுந்து வந்தது. ஓர் ஆடும் கத்தவில்லை. அசைபோடும் சத்தம் மட்டும், எல்லா வாயும் ஒரே வாய் போல.

நடுவில் கெம்பம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் குட்டி. அவள் தாடையும் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டிருந்தது.

"கெம்பு, வூட்டுக்கு வாடி." அவளை இழுத்துக்கொண்டு போய்விடத்தான் உள்ளே நுழைந்தார்.

அவர் வளர்த்த ஆடுகள் அவரை முகர்ந்து மிரண்டு ஒதுங்கின.

கெம்பம்மா எழுந்தாள். உள்ளங்கையில் பால்.

"பயப்படாத மாமா. மொதல்ல அப்பிடித்தான் மெரளும்."

அவர் கழுத்தில் தடவினாள். முதுகில். வாலடியில்.

"இனிமே சேத்துக்கும்."

அசைபோடும் சத்தம் நின்றது. ஆடுகள் நெருங்கின. முகர்ந்தன. ஒரு நாக்கு. இன்னொன்று. அடுத்தது கெம்பம்மாவின் நாக்கு.

உதறிக்கொண்டு வெளியேறினார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அசைபோடும் சத்தம் மறுபடி தொடங்கியது.

"கிருமியாம். வேலையத்த பேச்சு," என்று துப்பிவிட்டுச் சாலையில் நடந்தார்.

வாயில் ஒன்றுமில்லை. தாடை மட்டும் பக்கவாட்டில், அந்தச் சத்தத்தோடு, நிற்காமல் அரைத்தது.