சிஜினுக்கு ப்ராக்ஸி

2024 செப்டம்பர் 9, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் முதலாண்டு வகுப்பு தொடங்கியது. வருகைப் பட்டியலில் அறுபத்தொரு பெயர்கள் இருந்தன. அறையில் அறுபது பேர் இருந்தார்கள்.

ஷிபின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு முந்திரி ஆலையில் பருப்பு உடைக்கும் செல்லபாயின் ஒரே மகன். விடுதியில் துணி மாறிப்போகும் என்று யாரோ சொல்லியிருந்ததால், செல்லபாய் ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாச் சட்டைக் காலரிலும் அவன் பெயரைச் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். பேருந்து நிலையத்தில் வைத்து அவள் சொன்ன புத்தி ஒன்றுதான்.

"யாருக்கிட்டயும் எதுத்துப் பேசாத மக்ளே. முதல் வருசம் தலையைக் குனிஞ்சு கடந்திரு. பொறவு எல்லாம் சரியாவும்."

வகுப்பாசிரியர் சிவதாணு பட்டியலை வாசித்தார். நிமிர்ந்து முகம் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை. குரல் வந்தால் கோடு போடுவார். ஐம்பத்தொன்பது பேர் புதியவர்கள். கடைசி இரண்டு பெயர்கள் போன வருடத்திலிருந்து வந்தவை. அறுபதாவது முருகதாஸ். வருகை போதாமல் முதலாண்டிலேயே மறுபடி உட்கார வைக்கப்பட்டவன். கடைசி வரிசையில் தனியாக இருந்தான்.

அறுபத்தொன்றாவது பெயர் சிஜின்.

பதில் இல்லை. சிவதாணு பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த ஊரில் காற்று நிற்பதில்லை. கதவும் ஜன்னலும் எப்போதும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும்.

கடைசி வரிசையில் ஓர் அறை விழுந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். முருகதாஸ் இடது காதைப் பொத்திக்கொண்டு மேசையில் சாய்ந்து கிடந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. அவனைச் சுற்றி இரண்டு மேசைகளுக்கு ஆள் கிடையாது.

"ப்ரசென்ட் சார்."

அந்தக் காலி மேசைகளின் பக்கமிருந்து, சளி பிடித்தது போன்ற ஒரு பையனின் குரல். சிவதாணு கோடு போட்டுவிட்டுப் பட்டியலை மூடினார்.

அன்று மாலை முருகதாஸ் விடுதியில் முதலாண்டுப் பையன்களின் அறைக்கு வந்தான். காதில் பஞ்சு இருந்தது. ஒவ்வொருவரையும் பெயரைச் சொல்லச் சொன்னான். ஷிபின் சொன்னபோது நிறுத்தினான். குரல் பொருந்துகிறது என்றான். நாளையிலிருந்து சிஜின் என்ற பெயருக்கும் ஷிபின்தான் ப்ராக்ஸி சொல்ல வேண்டும். வராதவனுக்காக இன்னொருவன் 'ப்ரசென்ட்' என்று குரல் கொடுப்பது எந்தக் கல்லூரியிலும் நடப்பதுதான். ஷிபின் தலையைக் குனிந்து சரி என்றான்.

செவ்வாய்க்கிழமை சொன்னான். சொல்லி முடித்த கணமே அவன் கன்னம் ஒரு பக்கமாகத் திரும்பியது. பக்கத்தில் இருந்தவன் ஜெப்சன், ஷிபினின் ஊர்க்காரன். கை எதுவும் வரவில்லை என்றும், ஆனால் கன்னத்தில் ஐந்து விரலும் ஒவ்வொன்றாக எழும்பி வந்ததைத் தான் பார்த்ததாகவும் ஜெப்சன் பின்னால் போலீசிடம் சொன்னான்.

மூன்றாம் நாள் வயிற்றில் உதை. ஷிபின் மேசைக்கடியில் வாந்தி எடுத்தான். ஐந்தாம் நாள் முட்டிகள் இரண்டும் கிழிந்தன. செவிலியர் பார்த்தபோது தோலுக்குள் இரும்புத் தூள் இருந்தது. ஒன்பதாம் நாள் முதுகில் பெல்ட். கொக்கியின் சதுரம் எட்டு இடத்தில் பதிந்திருந்தது, சட்டை கிழியவில்லை. ஒவ்வொரு முறையும் அடி விழுவதற்குச் சற்று முன்னால் ஈரத்துணியில் பட்ட துருவின் வாடை வரும்.

அவன் சிவதாணுவிடம் போனான். அவர் கெட்ட மனிதர் இல்லை. ராகிங் புகார்ப் படிவத்தை எடுத்துக் கொடுத்து, தானே பேனாவும் தந்தார். படிவத்தில் 'தாக்கியவர் பெயர்' என்றொரு கட்டம் இருந்தது. ஷிபின் அதைக் காலியாகவே விட்டான். அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாதா என்று கேட்டான். பட்டியல் அலுவலகத்திலிருந்து வருகிறது, அதில் தன் கை படாது என்றார் சிவதாணு.

பதினொன்றாம் நாள் காய்ச்சல் என்று அறையிலேயே படுத்துக்கொண்டான். முருகதாஸ் ஜெப்சனைச் சொல்ல வைத்தான். ஜெப்சனின் வலது சுண்டுவிரல் பின்பக்கமாக மடிந்து ஒடிந்தது. ஓசை கரும்பலகை வரை கேட்டது. அதற்குப் பிறகு ஷிபின் ஒரு நாளும் தவறவில்லை.

செல்லபாய் தினமும் போனில் கேட்பாள். நல்லா இருக்கேன், பாடம் எல்லாம் மனசிலாவுது என்று சொல்லுவான்.

வகுப்பில் மூன்று பெண்கள். அவர்களில் ஒருத்தி ஜெனிலா, முட்டத்துக்காரி. அவள் வீட்டில் பேச்சோடு பேச்சாக சிஜின் என்ற பெயரைச் சொன்னபோது, அவளுடைய பெரியம்மா மகன் யூஜின் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டான். யூஜின் போன வருடம் அதே கல்லூரியில் சேர்ந்து இரண்டே மாதத்தில் நின்றவன். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. ஆயுத பூஜை விடுமுறையில், சனிக்கிழமை, ஜெனிலா ஷிபினை முட்டத்துக்கு வரச் சொன்னாள்.

மதிய வெயில். யூஜின் கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் இருந்தான். ஒன்றும் கேட்காமல், "சட்டையக் கழத்து" என்றான். முதுகைப் பார்த்தான். பிறகு ஷிபினின் இடது கையைப் பிடித்து, நகம் போன கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான்.

"இது பத்தொம்பதாம் நாளு. இரும்பு வைஸ் இடுக்குல வச்சு முறுக்கினது. சரியா?"

ஷிபின் தலையாட்டினான்.

"சிஜின் எனக்கு மேல் கட்டில்ல கெடந்தான். ஓரோ நாளும் ஓரோண்ணு செய்வானுவ. முருகதாசும் இன்னும் ரெண்டு பேரும். அந்த ரெண்டு பேரும் இப்பம் வெளிநாட்டுல. சிஜின் ராத்திரி வந்து எங்கிட்ட எண்ணிச் சொல்லுவான். இண்ணைக்குப் பதினேழு, இண்ணைக்குப் பதினெட்டு. செமஸ்டருக்குத் தொண்ணூறு நாளுதானே மக்கா, தாண்டிரலாம்ன்னு சொல்லுவான்."

"பொறவு?"

"இருபத்தி நாலுல நிண்ணு போச்சு. ஒர்க்‌ஷாப்ல வச்சு. சுத்தியலு."

கடல் இரைந்தது.

"மாடியில இருந்து விழுந்தான்னு போலீஸ்ல எழுதினாவ. காலேஜ்ல அதுகூட எழுதல்ல. செத்தான்னு எழுதினா எப்பிடிச் செத்தான்னும் எழுதணும்லா? 'தொடர்ந்து வரவில்லை'ன்னு போட்டு வச்சிருக்கானுவ. அதுனாலதான் இந்த வருசமும் பேரு வந்திருக்கு. அவன் எப்பிடியும் வருவான் மக்கா. படிக்கணும்ன்னு வந்தவன் அவன்."

ஷிபின் மனதுக்குள் எண்ணினான். வியாழக்கிழமை வரை இருபத்திரண்டு. திங்கள், செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளை பணிமனை.

போகாமல் இருந்தால் ஜெப்சன் சொல்ல வேண்டி வரும். போய்ச் சொன்னால் அவனே சாவான். யாருமே சொல்லாவிட்டால் அடி யாருக்கு விழும் என்பதை முதல் நாளே எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

திங்கட்கிழமை அடியை வாங்கிக்கொண்டான். விலாவில் விழுந்தது, மூச்சு விட வலித்தது. அன்று மாலைக்குள் ஜெனிலாவும் ஜெப்சனும் ஐம்பத்தாறு பேரிடமும் தனித்தனியாகப் பேசி முடித்தார்கள். நாளைக்கு அந்தப் பெயருக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவன்கூட ஏன் என்று கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 15. பணிமனைக் கொட்டகையின் தகரக் கூரையைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. உள்ளே எண்ணெய் வாடை. பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கருவிகளில் அப்படியே இருந்தன. சுவர்ப் பலகையில் முப்பது சுத்தியல்கள் வரிசையாகத் தொங்கின, ஒவ்வொன்றின் முகத்திலும் ஒரு பொட்டு.

ஷிபின் நேராக முருகதாஸிடம் போனான்.

"அண்ணே, இண்ணைக்கு வீட்டுக்குப் போயிருங்க."

"என்னடே, எனக்க அட்டெண்டன்ஸ ஒனக்க அப்பனா போடுவான்? இந்த வருசமும் கொறஞ்சா என்னைய வெளிய அனுப்பிருவானுவ."

"இண்ணைக்கு இருபத்தி நாலாவது நாளு."

"அதுக்கு?"

முருகதாஸின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்பதை ஷிபின் அப்போதுதான் புரிந்துகொண்டான். அடித்தவன் நாட்களை எண்ணி வைத்திருக்கவில்லை. அடி வாங்கியவன் எண்ணியிருந்தான்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணே. யாரும் சொல்ல மாட்டாவ. போயிருங்க."

முருகதாஸ் அவன் விலாவில், நேற்று அடி விழுந்த அதே இடத்தில், முழங்கையால் இடித்தான். பிறகு வேலை மேசையிலிருந்து ஓர் அரத்தை எடுத்து, அதன் கூர்மையான வால் முனையை ஷிபினின் இடுப்பில் வைத்து, அவனுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டான்.

சிவதாணு வந்து பட்டியலைத் திறந்தார். பெயர்கள் ஓடின.

"முருகதாஸ்."

"ப்ரசென்ட் சார்."

"சிஜின்."

அரத்தின் முனை சட்டையைத் துளைத்தது. ஷிபின் வாயை இறுக்கிக்கொண்டான். சூடாக ஒரு கோடு தொடையில் இறங்கியது. தலையை மட்டும் குனியவில்லை.

"சொல்லுலே," என்றது காதருகே மூச்சு.

கொட்டகையில் காற்றுச் சத்தம் மட்டும். சிவதாணு மறுபடி வாசித்தார்.

"சிஜின்."

முருகதாஸ் ஜெப்சனைப் பார்த்தான். ஜெப்சன் கட்டுப்போட்ட விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெனிலாவைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் திருப்பிப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது பேரும் வாய் மூடி நின்றார்கள்.

துருவின் வாடை வந்தது.

கூரைத் தகரம் ஓய்ந்தது. அந்த ஊரில் முதல்முறையாகக் காற்று நின்றது.

"ப்ரசென்ட் சார்."

குரல் முருகதாஸின் தோளுக்குப் பின்னாலிருந்து வந்தது. இடுப்பிலிருந்த அரம் கீழே விழுந்தது. ஷிபின் திரும்பியபோது முருகதாஸ் சுவர்ப்பக்கம் பார்த்து நின்றான். அங்கே யாரும் இல்லை. அவன் மட்டும் யாரையோ பார்த்தான். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தான்.

"வேண்டாம் மக்கா. நான் மட்டும் இல்லடே."

முதல் அடியில் வலது கை மணிக்கட்டில் ஒடிந்து தொங்கியது. இரண்டாவது தாடையில். பற்கள் இரும்பு மேசையில் சிதறி உருண்டன. அவன் கதவை நோக்கி நான்கு அடி ஓடினான். மூன்றாவது அடி பின்மண்டையில் விழுந்தது. தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது என்று வாக்குமூலத்தில் எழுதியவர்கள் பதினோரு பேர். அவன் விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு தரையிலிருந்து சற்று எழும்பி விழுந்தது. ஜெனிலா எண்ணினாள்.

இருபத்து நான்கு.

காற்று மறுபடி வந்து கூரையைத் தட்டியது. சிவதாணுவின் பேனா பட்டியலின் மேல் இருந்தது. அவர் அறுபத்தொன்றாவது பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு போட்டிருந்தார்.

போலீஸ் வந்து சுத்தியல்களைப் பலகையிலிருந்து இறக்கி எண்ணியது. முப்பதும் இருந்தன. எதிலும் ரத்தம் இல்லை. ஒன்றில்கூடச் சந்தனப் பொட்டு கலையவில்லை. கனமான மழுங்கிய ஆயுதத்தால் தாக்கப்பட்ட காயங்கள் என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. ஷிபினின் இடுப்பில் நான்கு தையல் போட்டார்கள். அவன் முருகதாஸுக்கு மிக அருகில் நின்றதால் அவனை மூன்று நாள் விசாரித்து அனுப்பினார்கள். செல்லபாய் காவல் நிலைய வாசலில் மூன்று நாளும் நின்றாள். வீட்டுக்கு வா என்று அழைத்தாள். படித்து முடித்துவிட்டு வருகிறேன் என்றான்.

பணிமனை பத்து நாள் மூடியிருந்தது. பிறகு வகுப்புகள் நடந்தன. அறுபத்தொன்றாவது பெயருக்கு ஐம்பத்தொன்பது பேரில் யாரும் குரல் கொடுக்கவில்லை. யாருக்கும் அடி விழவும் இல்லை. சளி பிடித்த அந்தக் குரலுக்கு சிவதாணு தினமும் கோடு போட்டார். ஷிபினும் ஜெப்சனும் இரண்டாவது வரிசைக்கு மாறி உட்கார்ந்தார்கள்.

ஜனவரியில் முதல் பருவத் தேர்வு நடந்தது. மார்ச் முதல் வாரம் முடிவுகள் வந்தன. ஷிபினுக்குக் கணக்கில் ஓர் அரியர். ஜெப்சனுக்கு இரண்டு. சிஜின் எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தான், அரியர் எதுவும் இல்லை.