மூன்றாவது சுற்றில் யாருமில்லை

மனிதகுலம் களைப்பை வென்றுவிட்டது. தடகள ஆணையத்தின் வாசலில் கருங்கல்லில் அப்படித்தான் செதுக்கியிருந்தார்கள். வெல்லப்பட்ட களைப்பு அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தூத்துக்குடி உப்பளச் சாலையில், ஜெனோவாவின் முழங்காலுக்குள் உட்கார்ந்து வலித்துக்கொண்டிருந்தது.

ஜெனோவாவின் வேலை ஓடுவது. மெதுவாக, நெடுந்தூரம். ஓடி ஓடி அவள் இதயமும் நுரையீரலும் அடைகிற பலத்தை, புஜத்தில் கட்டிய ஈட்டுப்பட்டை உறிஞ்சிக்கொள்ளும். சாயங்காலம் அது சென்னையிலிருக்கும் ஆதிரையின் உடம்புக்குப் போய்விடும். ஆதிரை ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓட்டத்தில் தேசிய நட்சத்திரம். நடுத்தூர ஓட்டத்துக்கு நெடுந்தூரப் பயிற்சிதான் அடித்தளம் என்பது பழைய பாடம். அந்த அடித்தளத்தைச் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது புதிய அறிவியல். ஆணையம் அதற்கு 'உயிர்த்திறன் நல்கை' என்று பெயர் சூட்டி விழா எடுத்தது. ஓடுகிறவர்கள் அதைப் பதிலோட்டம் என்றார்கள்.

பதிலோட்டக்காரி தனியாகத்தான் ஓட வேண்டும். பேச்சுத்துணை இருந்தால் மூச்சின் சீர் கெட்டு, பட்டையில் சேரும் பலமான ஈட்டு கலங்கிவிடுமாம். வருஷக்கணக்காக ஜெனோவா உப்புக் குவியல்களை மட்டுமே பார்த்து ஓடினாள். பக்கத்தில் இன்னொரு காலடிச் சத்தம் ஒரே ஒரு நாள் கேட்டால் போதும் என்று மாதாவிடம் வேண்டியிருந்தாள்.

அன்று கேட்டது.

"அக்கா, நான்தான் ஆதிரை!"

திரும்பினாள். விளம்பரப் பலகையில் பார்த்த முகம், கொஞ்சம் சின்னதாக.

"ஐயோ, நீங்க இங்க வரலாமா? ஆணையத்துக்குத் தெரிஞ்சா என் பட்டையப் புடுங்கிருவாவ."

"யார்கிட்டயும் சொல்லாமத்தான் வந்தேன். மறுபடி தோத்துட்டேங்க்கா. மூச்சு இருக்கு, காலும் இருக்கு. மூணாவது சுத்துலதான் பயந்துடறேன். கடைசிச் சுத்துன்னா மணி அடிப்பாங்க, ஜனம் கத்தும். மூணாவதுல ஒண்ணும் கிடையாது. யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

"ஆமா, யாரும் இருக்கமாட்டாவ."

"உங்களுக்குப் பயமா இருக்காதா?"

"இருக்கும். கொஞ்ச தூரம் போனா அதுவும் போயிரும். பொறவு பயங்கூட துணைக்கு இருக்காது."

ஆதிரை அவள் புஜத்துப் பட்டையைப் பார்த்தாள். "தனியா இருக்கற அந்தப் பழக்கம் மட்டும் எனக்கு வந்து சேரல."

"அத ஏத்த இன்னும் மெஷின் வரல போல."

"அப்ப நானே ஓடித்தான் பழகணும். வாராவாரம் உங்ககூட வரட்டா?"

தனியாக இருக்கப் பழகுவதற்குத் துணை கேட்கிறாளே என்று ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஈட்டு கலங்காதிருக்கப் பட்டையைக் கழற்றி இடுப்பில் செருகினாள். அன்றைய கூலி போனால் போகட்டும்.

"வாங்கம்மா."

ஆதிரை பேசினாள். பயிற்சியாளரைப் பற்றி, தன் செருப்பு விளம்பரத்தைப் பற்றி, சென்னையின் புழுக்கத்தைப் பற்றி. அவள் காலடி ஜெனோவாவின் காலடிக்கு அரை நொடி முந்தி விழுந்தது. ஜெனோவா வேகத்தைக் கூட்டினாள், அவளும் கூட்டினாள். குறைத்தாள், அவளும் குறைத்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. அது ஏன் இவ்வளவு சத்தமாக இருக்கிறது என்றுதான் ஜெனோவாவுக்கு விளங்கவில்லை.

முத்தையாபுரம் நிறுத்தம் வந்தது. வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு ஜெனோவா பஸ் ஏறிவிட்டாள்.