இரேனாவுக்கு எட்டு ரோஜா

டெலிபோன் அலறியது!

லிஸ்பன் ஹோட்டல், அறை 304. ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்த வான்டா திடுக்கிட்டு எழுந்தாள்.

இரேனாவாகத்தான் இருக்கும்! 'எங்கேடி தொலைஞ்சே?' என்று கேட்பாள். பதிலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டியதுதான்.

ரிசீவரை எடுத்தாள்.

"மேடம், ரிசப்ஷன்லேர்ந்து பேசறேன். கொஞ்சம் கீழே வர்றீங்களா? உங்களைப் பார்க்க வந்திருக்காங்க..."

"யாரு?"

"போலீஸ்!"

வான்டா ரிசீவரைப் போட்டாள்.

கீழே ஓடினாள்.

சோபாவில் இரேனாவின் கணவன் லெஷெக். மடியில் சிவப்பு ரோஜாப் பூங்கொத்து. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒல்லியாக, தூங்கி எழுந்த முகத்தோடு ஒருவர்.

"இன்ஸ்பெக்டர் அமாரோ. உட்காருங்க மேடம்."

"இரேனா எங்கே?"

"உட்காருங்க..."

"சொல்லுங்க சார்! அவளுக்கு என்ன ஆச்சு?"

"இறந்துட்டாங்க. மேட்டு மேல இருக்கிற வியூ பாயிண்ட் சுவர்லேர்ந்து கீழே ஒரு வீட்டுக் கொல்லையில விழுந்திருக்காங்க. துணி காயப்போட வந்த அம்மா பார்த்துட்டுக் கத்தியிருக்காங்க."

வான்டாவுக்கும் இரேனாவுக்கும் ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். நாற்பத்தேழு வருஷ சிநேகிதம். போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் வான்டாவை 'வாடி, போடி' என்று கூப்பிட மிச்சமிருந்த ஒரே ஜீவன்.

வான்டாவுக்குத் தபால் ஆபீஸ் வேலை. கல்யாணம் காட்சி கிடையாது. இரண்டு அறை வீட்டில் ஓர் அறை சும்மாவே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டி.வி. மட்டும்தான் அவளோடு பேசும்.

'மாட்ரிட், லிஸ்பன், போர்ட்டோ! மூணு பேரும் ஜாலியா சுத்திட்டு வருவோம்டி!' என்று இரேனா கூப்பிட்டபோது சந்தோஷத்தில் ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஆனால் மூன்று பேர் என்பது ஜோடி ஒன்று, ஒற்றை ஒன்று என்று மாட்ரிட்டிலேயே புரிந்துவிட்டது. 'வான்டா, எங்களை ஒண்ணு எடுத்துடேன்!' என்று லெஷெக் போனை நீட்டிக்கொண்டே இருந்தான். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு போட்டோ. ஒன்றில் மட்டும் வான்டாவின் கட்டைவிரல் விழுந்திருந்தது.

"மேடம்..." அமாரோ நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "கடைசியா அவங்களைப் பார்த்தது யாரு?"

"இவர்தான்!" என்றாள் வான்டா.

"இவதான்!" என்றான் லெஷெக்.

அமாரோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேஷ்! ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"பத்து மணிக்கு மூணு பேரும் மேலே போனோம்," என்றாள் வான்டா. "இரேனா என்னைத் தனியா இழுத்து, 'போய் மூணு காபி வாங்கிட்டு வாடி, இவர்கிட்ட ஒரு விஷயம் பேசணும்'னா. கியூவில நின்னு வாங்கிட்டு வந்தேன். ரெண்டு பேரையும் காணோம்!"

"தேடலையா?"

"தேடல சார்."

"ஏன்?"

வான்டா தலையைக் குனிந்தாள். "மாட்ரிட்லயும் இப்படித்தான்... என்னை மறந்துட்டு ரெண்டு பேரும் சாப்பிடப் போயிட்டாங்க. அதே மாதிரின்னு நினைச்சேன்."

"காபியை என்ன பண்ணீங்க?"

"குடிச்சேன்."

"மூணையுமா?"

"கொடுக்க வேற யாரு இருக்கா சார்?"

சொல்லும்போதே அழுகை வெடித்தது. பாவி, நான் மேலே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கோபத்தில் காபி குடித்த நேரத்தில் அவள் சுவருக்குக் கீழே கிடந்தாளே!

"பொய்! பச்சைப் பொய்!" லெஷெக் எழுந்து நின்றான். "இவ காபியோட வந்த பிறகுதான் சார் நான் கிளம்பினேன். இன்னைக்கு இரேனாவோட பேர் நாள், அவ பேருக்குன்னு காலண்டர்ல இருக்கிற நாள். எங்க ஊர்ல பிறந்த நாளைவிட அதுதான் பெரிசு. அவளுக்குத் தெரியாம பூ வாங்கப் போனேன். ரெண்டு பேரையும் சிரிக்கச் சிரிக்க விட்டுட்டுத்தான் போனேன்!"

"வாய் கூசாம பேசாதே லெஷெக்!"

"பொறாமை சார்! எங்களைப் பார்த்து பத்து நாளா வெந்துக்கிட்டிருந்தா!"

ரிசப்ஷன் பெண் மெல்ல வாயைத் திறந்தாள். "சார் பன்னிரண்டு மணிக்கு இந்தப் பூவோட வந்தாரு. 'என் பொண்டாட்டி வந்துட்டாளா?'ன்னு ஆசையா கேட்டாரு. பாவம்!"

லெஷெக் மூக்கை உறிஞ்சினான். "பாருங்க சார்... செத்துப்போன பொண்டாட்டிக்கு எவனாவது பூ வாங்குவானா?"

அமாரோ வான்டாவின் பக்கம் திரும்பினார். தூக்கக் கண்கள் இப்போது தூங்கவில்லை.

"மேடம், காபி வாங்கப் பத்து நிமிஷம் ஆகலாம். ஆனா ஒருத்தரைத் தள்ளிவிட ஒரு செகண்ட் போதும். உங்க பாஸ்போர்ட்டைக் கொடுங்க."

வான்டாவுக்காகச் சாட்சி சொல்ல ஒரு நாதி இல்லை. ஜெயிலில் போட்டாலும் ஏன் என்று கேட்க ஓர் ஆள் இல்லை!

கைப்பையில் பாஸ்போர்ட்டைத் துழாவினாள். பார்வை லெஷெக்கின் கையில் இருந்த ரோஜாக்களில் போய் நின்றது.

முப்பது வருஷம் ஸ்டாம்ப் எண்ணிய பழக்கம். மனசு தானாக எண்ணியது.

ஒன்று... இரண்டு... மூன்று...

எட்டு!

மறுபடி எண்ணினாள். எட்டேதான்!

"லெஷெக்..." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இந்தப் பூ யாருக்கு?"

"என்ன கேள்வி இது? இரேனாவுக்குத்தான்."

"வாங்கும்போது அவ உயிரோடதானே இருந்தா?"

"ஆமா!"

"அப்போ எண்ணு."

"என்னது?"

"பூவை எண்ணு லெஷெக்!"

லெஷெக் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் சுண்டியது.

"என்ன மேடம் இது?" என்றார் அமாரோ.

"எங்க போலந்துல உயிரோட இருக்கிறவங்களுக்குப் பூ கொடுத்தா ஒற்றைப்படையாத்தான் கொடுப்போம் சார். மூணு, அஞ்சு, ஏழு, ஒன்பது... இரட்டைப்படை கல்லறைக்கு மட்டும்தான்! நாலு வயசுக் குழந்தைகூட அதுல தப்புப் பண்ணாது!"

"ச... சரியா எண்ணல. கடைக்காரி ஒண்ணு குறைச்சுக் கட்டிட்டா!" லெஷெக் திக்கினான்.

அமாரோ பூங்கொத்தில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கிழித்தார். போனை எடுத்தார். இரண்டு நிமிஷம் தன் பாஷையில் பேசினார். வைத்தார்.

"கடைக்கார அம்மாவுக்கு உங்களை நல்லா ஞாபகம் இருக்கு மிஸ்டர் லெஷெக். ஒன்பது கேட்டீங்க. ஒன்பதுக்குத்தான் காசும் கொடுத்தீங்க. கையில வாங்கினதும் அப்படியே நின்னீங்களாம். அப்புறம் நீங்களே ஒண்ணை உருவி மேஜையில வெச்சுட்டுப் போயிட்டீங்களாம்!"

லெஷெக் தொப்பென்று சோபாவில் சரிந்தான்.

"பேர் நாள்னு சொல்லித்தான் ஒன்பது கேட்டேன்..." என்று முனகினான். "ஆனா கையில வாங்கினதும்... அவ கீழே கிடக்கிறது கண்ணுக்குள்ள வந்துடுச்சு. வருஷா வருஷம் அம்மா கல்லறைக்குக் கொண்டு போற கை... அதுவா ஒண்ணை உருவிடுச்சு சார்."

"ஏன்டா? ஏன்டா பாவி அவளைக் கொன்னே?" வான்டா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

லெஷெக் நிமிர்ந்தான். கண்களில் வெறுப்பு.

"உன்னாலதான்!"

"நானா?"

"ஊருக்குப் போனதும் என்னை விட்டுட்டுப் போறேன்னு சொன்னா. 'வான்டா வீட்ல ஓர் அறை சும்மாதான் கிடக்கு. இனிமே அவகூடதான் இருக்கப் போறேன். காபியோட வரட்டும், கேட்கிறேன்... அதுதான் எனக்குப் பேர் நாள் பரிசு'ன்னா. கோவத்துல தள்ளிட்டேன்..."

வான்டாவின் கைகள் சட்டையிலிருந்து நழுவின.

மூன்று காபி!

அதை வாங்கிக்கொண்டு பத்து நிமிஷம் முன்னால் வந்திருந்தால், இந்த ஜன்மத்தில் வான்டா இனித் தனியாகச் சாப்பிட வேண்டியிருந்திருக்காது.

மாலை. லெஷெக்கை ஜீப்பில் ஏற்றி அனுப்பியாகிவிட்டது. பூக்கடைக்காரி தண்ணீர் கிளாஸில் போட்டு வைத்திருந்த ஒன்பதாவது ரோஜாவோடு அமாரோ திரும்பி வந்தார்.

"மேடம், கேஸ் ஃபைலுக்கு இதை ஒரு போட்டோ எடுக்கணும். கொஞ்சம் கையில பிடிச்சுக்கறீங்களா?"

பிடித்துக்கொண்டாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அந்தப் பயணத்தில் வான்டா இருக்கும் ஒரே போட்டோ!

"போட்டோ போதும். பூவை நீங்களே வெச்சுக்குங்க," என்றார் அமாரோ. தயங்கினார். "ஊருக்கு... ஒத்தையாவா போகப்போறீங்க?"

வான்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோஜாவைக் கோட்டில் செருகினாள்.

"ஆமா சார், ஒத்தைதான். எங்க ஊர்க் கணக்குப்படி, ஒத்தைன்னா நான் இன்னும் சாகலைன்னு அர்த்தம்!"